செமஸ்டர் கட்டணம் கட்டுவதா, விலகுவதா? ஓர் ஆன்லைன் மாணவியின் கேள்வி

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். ப்ளஸ் டூவில் அறிவியல் பிரிவு. அதோடு படிப்பு நின்றுவிட்டது. பட்டம் இல்லாததால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலே போகிறார்கள். அதனால் கடந்த ஆண்டு ஜூலையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பி.காம். படிப்பில் சேர்ந்தேன். செமஸ்டருக்கு 13,000 ரூபாய். சேரும்போது பேசிய கவுன்சிலரே டி.இ.பி. ஐடி (ஆன்லைன் மாணவருக்கான அடையாள எண்), இ.எம்.ஐ. எல்லாம் போட்டுக் கொடுத்தார். சேர்ந்த பிறகு அவர் போனை எடுப்பதில்லை.

இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டேன். பாடம் முழுக்க ரெக்கார்டட் வீடியோ. நேரடி வகுப்பு என்று சொன்னதில் நான்குதான் நடந்தது. தேய்மானக் கணக்கு ஒன்றில் சந்தேகம் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து 'உங்கள் டிக்கெட் முடிக்கப்பட்டது' என்று மெயில் வந்தது, பதில் வரவில்லை. அசைன்மென்ட் எல்லாவற்றுக்கும் 30-க்கு 21 மார்க். இதே பல்கலைக்கழகத்துக்காகக் கோவையிலிருந்து மென்டராக, அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டி அசைன்மென்ட் திருத்துபவராக, வேலை பார்ப்பவர் என் அத்தை மகள். அவளிடம் 1,100 மாணவர்கள். ஒரு நாளில் 150 அசைன்மென்ட் திருத்தச் சொல்கிறார்களாம். இரண்டு மாதமாகச் சம்பளம் தள்ளித் தள்ளி வருகிறது. மாதம் மூன்று புது அட்மிஷன் வேறு பிடிக்க வேண்டுமாம்.

மூன்றாம் செமஸ்டர் கட்டணத்துக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. கட்டலாமா, விட்டுவிடலாமா? இந்தப் பட்டம் செல்லுமா? நான் புகார் கொடுத்தால் அவள் வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை.

கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது உங்கள் குறைகளை ஒரு தாளிலும், அத்தை மகள் சொன்னவற்றை இன்னொரு தாளிலும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்குப் பதில் வரவில்லை என்கிறீர்கள் நீங்கள். 1,100 பேர் தலையில் விழுந்திருக்கிறார்கள் என்கிறார் அவர். எதை எழுதினாலும் 21 மார்க் என்கிறீர்கள். ஒரு நாளில் 150 தாள் என்கிறார் அவர். சேர்த்துவிட்ட கவுன்சிலர் போனை எடுப்பதில்லை என்கிறீர்கள். மாதம் மூன்று அட்மிஷன் பிடிக்க வேண்டும் என்கிறார் அவர். இரண்டு தாளிலும் இருப்பது ஒரே குறைதான். மாணவர்களின் குறையை ஒரு பெட்டியிலும் ஊழியர்களின் குறையை வேறொரு பெட்டியிலும் போட்டுப் பூட்டுவதால்தான் இது வெளியே தெரிவதில்லை.

உங்கள் முதல் கவலைக்கு வருகிறேன். இன்றைக்குப் பணம் கட்ட வேண்டாம். 12 நாள் இருக்கிறது, அதில் மூன்று நாளில் முடிகிற வேலை ஒன்று உண்டு. பட்டம் செல்லுமா என்பதை நீங்களே சரிபார்ப்பது. கவுன்சிலர் சொன்னது, விளம்பரத்தில் வந்தது, தெரிந்தவர் சொன்னது எதுவும் இதற்கு ஆதாரம் ஆகாது.

இந்தியாவில் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு அடிப்படை, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2020-இல் கொண்டுவந்த திறந்தநிலை, தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான விதிமுறைகள். அதன்படி ஒரு பல்கலைக்கழகம் நல்ல பல்கலைக்கழகமாக இருந்தால் மட்டும் போதாது. எந்தப் படிப்பை, எந்தக் கல்விப் பருவத்தில், எந்த முறையில் நடத்தலாம் என்று தனித்தனியாக அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் (அதைத்தான் டி.இ.பி. என்கிறார்கள்) பருவவாரியாகப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேர்ந்த ஜூலைப் பருவத்தை எடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே பி.காம். இருக்கிறதா, 'ஆன்லைன்' என்ற முறையின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைநிலை முறைக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு ஆன்லைன் என்று விற்பதும் தப்புதான். இருந்தால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியுள்ள ஆன்லைன் பட்டத்தை நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையாகக் கருத வேண்டும் என்று அதே விதிமுறைகளில் இருக்கிறது. யுஜிசி 2022 செப்டம்பரில் ஒருமுறை அறிவிப்பாகவும் சொன்னது. ஆகவே அனுமதி இருந்தால், 'ஆன்லைன்தானே' என்று கம்பெனியில் யாராவது இழுத்தால் பயப்பட வேண்டாம்.

அடுத்தது அந்த ஐடி. 2024 செப்டம்பருக்குப் பிறகு சேரும் தொலைநிலை, ஆன்லைன் மாணவர் ஒவ்வொருவருக்கும் டி.இ.பி. ஐடி கட்டாயம். அதை மாணவரே உருவாக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கவுன்சிலர் போட்டுக் கொடுத்தார் என்கிறீர்கள். எந்தக் கைபேசி எண், எந்த மெயில் முகவரி கொடுத்துப் போட்டார்? உள்ளே நுழைந்து பாருங்கள். முடியாவிட்டால் அதுவே முதல் புகார். கூடவே டிஜிலாக்கரில் உங்கள் அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கை (தேறிய பாடங்களின் கிரெடிட் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கி) திறந்து, தேர்ச்சி பெற்ற இரண்டு செமஸ்டரின் கிரெடிட்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கும், கிரெடிட் ஏறியிருக்காது. இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பணம் யாருக்குப் போனது? கட்டணம் நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். பாஸ்புக்கை எடுத்து, மாதாமாதம் பிடிக்கிறவர் பெயர் என்ன என்று பாருங்கள். கவுன்சிலர் வாயில் அது 'தவணை'. காகிதத்தில் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுத்த கடன். படிப்பை விட்டாலும் கடன் நிற்காது. கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள், கிரெடிட் ஸ்கோர் கெட்டு, நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது வந்து நிற்கும். கடனில் தவறு இருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே போகலாம்.

ஏன் அனுமதியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதில் அடிபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. அதில் ஒன்று நம் சேலத்தைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள், தொழில்நுட்பக் கல்விக்கான குழுவான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வை எழுதித் தேற வேண்டும் என்றும், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து என்றும் தீர்ப்பு. பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய வயதில் சிலர் மறுபடி பரீட்சைக்குப் படித்தார்கள். 2022-இல், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்று யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டபோது, எத்தனை வீடுகளில் அலமாரியைத் திறந்து சான்றிதழில் தேதியைத் தேடினார்கள்! பேரும் வயதும் உள்ள பல்கலைக்கழகத்திலேயே இப்படி ஒரு கேள்வி எழும் என்றால், செமஸ்டருக்கு 13,000 கட்டும் உங்களுக்குச் சரிபார்க்கும் உரிமை நிச்சயம் உண்டு.

இந்தச் சோதனையில் ஓட்டை தெரிந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். போன இரண்டு செமஸ்டரை நினைத்து மனசு அழும் என்று தெரியும், இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை எந்த உயர்கல்வி நிறுவனமும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசியின் 2018 அறிவிப்பில் இருக்கிறது. பயப்படாமல் கேட்டு வாங்கலாம்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருந்தால்? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. தேர்வு ஒழுங்காக நடந்திருக்கிறது, முடிவும் வந்திருக்கிறது. அப்போது உங்கள் குறை பட்டத்தைப் பற்றியது இல்லை, படிப்பைப் பற்றியது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

மலிவாக இருப்பதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். 27 ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வித் துறையில் வணிகவியல் நடத்தியவன் நான். சிவகாசியிலிருந்து, தேவகோட்டையிலிருந்து, பஸ் கண்டக்டரும் ரேஷன் கடை ஊழியரும் மில் தொழிலாளியும் வந்து படித்துப் பட்டம் வாங்கினார்கள். கட்டணம் குறைவாக இல்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேர் வாசல்படி ஏறியிருக்க மாட்டார்கள். பணம் எங்கே மிச்சம் பிடிக்கப்படுகிறது என்பதில்தான் கேள்வி இருக்கிறது. கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம், ஒருமுறை எடுத்த வீடியோ ஆயிரம் பேருக்குப் போதும். இதெல்லாம் நியாயமான மிச்சம். பதில் சொல்கிற மனிதரைக் குறைத்து மிச்சம் பிடித்தால், அங்கே படிப்பு என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

சனி, ஞாயிறு தொடர்பு வகுப்பு முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது யாராவது ஒருவர் கூடவே வருவார். 'சார், அந்தப் பேரேட்டுக் கணக்கு...' என்று ஆரம்பிப்பார். டீக்கடையில் நின்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டுவேன். பத்து நிமிடம் ஆகும். ஒரு முழு நாள் நான் கரும்பலகையில் எழுதியதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்கு அதிகம் புரிந்திருக்கும். உங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பத்து நிமிடம்தான். அதைத்தான் 'டிக்கெட்' என்று பெயர் வைத்து முடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த 21 மார்க் பற்றியும் சொல்ல வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கூலி கட்டி, ஒரு நாளில் திருத்த வேண்டிய தாள்களின் எண்ணிக்கையையும் உயர்த்திய காலம் ஒன்று இருந்தது. மாலை நான்கு மணிக்கு மேல் என் கை தாளின் பருமனைப் பார்த்து மார்க் போட ஆரம்பித்ததை நானே ஒருநாள் கவனித்தேன். மறுநாள் காலை அந்தத் தாள்களை எடுத்து மறுபடி படித்தபோது, மூன்று பிள்ளைகளுக்கு நான் அநியாயம் செய்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நிரந்தர வேலையில் இருந்ததால் சொல்ல முடிந்தது. உங்கள் அத்தை மகளால் சொல்ல முடியாது. ஒரு நாளில் 150 தாளை எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால், ஒரு தாளுக்கு மூன்றே கால் நிமிடம்கூட வராது. அதில் படித்து, பிழை கண்டு, மாணவிக்கு ஒரு வரி எழுத யாராலும் முடியாது. 21 என்பது யாரும் புகார் செய்யாத எண். பாஸும் ஆகிறது, அதிகமும் இல்லை. அவர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள்.

இதில் விதி உங்கள் பக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நான் சொன்ன அந்த 2020 விதிமுறைகளில், ஆன்லைன் படிப்புக்கு 250 மாணவர் கொண்ட ஒரு தொகுதிக்கு ஒரு கோர்ஸ் மென்டர் வேண்டும் என்று இருக்கிறது. பாடம் நான்கு கூறுகளாக இருக்க வேண்டும். வீடியோ, படிக்கும் பாடம், சந்தேகம் கேட்டுக் கலந்துபேசும் களம், மதிப்பீடு. ஆக, சந்தேகத்துக்குப் பதில் சொல்வது அவர்கள் போடுகிற சலுகை இல்லை. பாடத்தில் கால் பங்கு அது. பல்கலைக்கழகத்தில் உள்தர உறுதி மையம் என்று ஒன்று இருந்தாக வேண்டும், இதையெல்லாம் கவனிக்க வேண்டியது அதன் வேலை. இன்னொன்று, சேர்க்கையையோ பாடம் நடத்துவதையோ ஃபிரான்சைஸாக இன்னொரு கம்பெனிக்கு விட யுஜிசி அனுமதிப்பதில்லை. உங்களைச் சேர்த்த கவுன்சிலர் யாருடைய ஊழியர்? உங்கள் அத்தை மகளின் நியமனக் கடிதத்தில் இருக்கும் பெயர் பல்கலைக்கழகமா, வேறு கம்பெனியா? இந்த இரண்டு பதிலிலிருந்தும் நிறையத் தெரியும்.

மலிவாக நடத்துகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 2009-இல் ஷாய் ரெஷெஃப் தொடங்கிய யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிளில் போதனைக் கட்டணம் கிடையாது, விண்ணப்பத்துக்கும் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பீட்டுக்கும்தான் கட்டணம். ஆசிரியர்களில் பலர் தன்னார்வலர்கள். மாணவர் எழுதியதை உடன் படிக்கும் மாணவர்களும் மதிப்பிடுவார்கள். அதைப் பற்றி அங்கே படிப்பவர்களுக்கு மனக்குறை உண்டு, 'எனக்கே தெரியாததை என்னைப் போன்ற இன்னொருவர் எப்படித் திருத்துவார்' என்று. நியாயமான குறைதான். ஆனால் அவர்கள் எதில் சிக்கனம் பிடிக்கிறோம் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. 'வாரம் இரண்டு நேரடி வகுப்பு, தனி மென்டர்' என்று சொல்லித்தான் சேர்த்திருப்பார்கள். அந்த விளம்பரமோ வாட்ஸ்அப் செய்தியோ இன்னும் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

இனி புகார். போனில் பேசியதும் சாட்டில் எழுதியதும் கணக்கில் வராது. யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் தளத்தில் அதன் முகவரி இருக்கும். அதற்கு மெயிலில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கோபம் வேண்டாம், தேதியும் எண்ணும் போதும். இத்தனாம் தேதி சேர்ந்தேன், இத்தனை நேரடி வகுப்பு என்று கையேட்டில் இருந்தது, நான்கு நடந்தது, இன்ன தேதியில் கேட்ட சந்தேகம் பதிலில்லாமல் மூடப்பட்டது, ஆறு அசைன்மென்ட்டுக்கோ எட்டுக்கோ ஒரே மதிப்பெண், ஒன்றிலும் குறிப்பு இல்லை. கடைசியில் மூன்று கேள்வி கேளுங்கள். என் பாடங்களின் கோர்ஸ் மென்டர் யார்? என் தொகுதியில் எத்தனை மாணவர்கள்? அசைன்மென்ட் மதிப்பீட்டு அளவுகோல் என்ன? இந்த மூன்றுக்கும் அவர்கள் எழுத்தில் பதில் கொடுத்தால், 250 என்ற விதியைப் பின்பற்றுகிறார்களா என்பதை அவர்களே காட்டிவிடுகிறார்கள். நீங்கள் யாரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

அத்தை மகளின் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள இதுதான் வழி. அவர் சொன்ன 1,100 என்ற எண்ணை உங்கள் மெயிலில் எழுதாதீர்கள். அவர் உறவுக்காரர் என்பதையும் எழுத வேண்டாம். உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள், அதுவே போதும்.

குழு 15 வேலை நாளுக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி அந்தப் பொறுப்பில் இருப்பார். அவருக்கு 30 நாள். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் பதிவு செய்யலாம். உங்களோடு படிக்கும் நான்கு பேர் தனித்தனியாக இதே போல எழுதினால் இன்னும் நல்லது. ஒரே மெயிலை நகல் எடுத்து நாற்பது பேர் அனுப்பினால் அதை ஒரு புகாராகத்தான் எண்ணுவார்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் சேவை விற்பவர் ஆகாது என்று 2010-இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அதை முதல் வழியாகப் பிடிக்காதீர்கள். இடையில் நின்று பொய் சொல்லிச் சேர்த்த தனியார் கம்பெனி மேல் புகார் என்றால் அது வேறு விஷயம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பிக்கலாம்.

இப்போது அத்தை மகளுக்கு. இந்தப் பகுதியை அவரிடமே படிக்கக் கொடுங்கள். அம்மா, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. வேலையை விட்டால் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், உங்களுக்கு இத்தனை மாணவர் ஒதுக்கப்பட்டார்கள் என்று வந்த மெயில் இவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் பெயர், போன் எண், விடைத்தாள் எதையும் நகலெடுத்து வெளியே கொண்டுவராதீர்கள். அது அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, உங்கள் மேலேயே வழக்கு திரும்பும். மேலாளருக்கு ஒரு மெயில் மட்டும் அனுப்பி வையுங்கள். 'எனக்கு ஒதுக்கப்பட்டவர்கள் இத்தனை பேர், ஒரு தாளுக்குக் கிடைப்பது இத்தனை நிமிடம், இதில் தரமாகத் திருத்த முடியவில்லை, எதற்கு முன்னுரிமை கொடுக்கட்டும்?' என்று பணிவாகக் கேட்டால் போதும். நாளைக்கு மாணவர் புகார் உங்கள் பக்கம் தள்ளப்பட்டால் இந்த மெயில் பேசும். அட்மிஷன் பிடிக்கச் சொல்வதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. சொல்லிக்கொடுக்க வந்தவரை விற்கச் சொல்வது எந்த விதத்திலும் சரியில்லை. வேறு வேலை கிடைத்ததும் மாறுங்கள். கிடைக்கும்வரை, உங்களால் நன்றாகப் பதில் சொல்ல முடிந்த இருபது பேருக்காவது சொல்லுங்கள்.

சகோதரி, மறுபடி உங்களிடம் வருகிறேன். கட்டலாமா? அனுமதியும் கிரெடிட்டும் சரியாக இருந்தால் கட்டுங்கள் என்பதே என் கருத்து. மூன்றில் ஒரு பங்கு முடித்துவிட்டீர்கள். கம்பெனிக்குத் தேவை செல்லுபடியாகும் பட்டம், அது நான்கு செமஸ்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு செமஸ்டருக்கு மட்டும் கட்டுங்கள். இ.எம்.ஐ. வேண்டாம், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போகட்டும், ரசீதை வாங்கி வையுங்கள். 'மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி' என்று போன் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கான யுஜிசி விதியில், சேர்க்கைக்கான கடைசித் தேதி தாண்டி 30 நாளுக்கு மேல் போனால் எதுவும் திரும்ப வராது என்பதையும் மனதில் வையுங்கள். இந்தச் செமஸ்டர் முடிவதற்குள் உங்கள் புகாருக்கு உருப்படியான பதில் வராவிட்டால் மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவையோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையோ அணுகி, சேர்த்த கிரெடிட்டில் எவ்வளவு ஏற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் வங்கியில் ஏறியவை ஏழு ஆண்டு வரை செல்லும். அங்கேயும் தாமதங்கள் உண்டு, எல்லாம் பாலும் தேனுமாக ஓடாது. ஆனாலும் படிப்பு மையம் என்று போய் நின்று கேட்க ஓர் இடம் இருக்கும்.

அதுவரை பாடத்துக்கு வேறு ஆள் தேடிக்கொள்ளுங்கள். நீங்கள் அறிவியல் பிரிவு என்பதால் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடநூலைத் தமிழ்வழியில் முதலில் படித்துவிடுங்கள். அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தேய்மானக் கணக்கியல் என்று தனிப் பாடமே இருக்கிறது. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் வணிகவியல் வகுப்புகள் உண்டு. திருப்பூரில் தெருவுக்கு ஓர் ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணைத் தோழியாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் சந்தேகம். கணக்கைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். 2022 ஏப்ரல் 1-இல் 1,00,000 ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம், குறைந்து செல் மதிப்பு முறையில் 10 சதவீதத் தேய்மானம், 2024 செப்டம்பர் 30-இல் 70,000 ரூபாய்க்கு விற்பனை. கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. உங்களுக்கு 2,900 ரூபாய் நட்டம் வருகிறது, விடைக்குறிப்பில் 6,950 என்று இருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் ஆண்டுத் தேய்மானம் 10,000, மீதி 90,000. இரண்டாம் ஆண்டு 90,000-இல் 10 சதவீதம் 9,000, மீதி 81,000. இதுவரை நீங்கள் போட்டது சரி. மூன்றாம் ஆண்டில் 81,000-க்கு முழு ஆண்டுத் தேய்மானம் 8,100 கழித்து 72,900 என்று எடுத்திருக்கிறீர்கள். அந்த இயந்திரம் அந்த ஆண்டில் உங்களிடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம்தானே இருந்தது? இருந்த காலத்துக்குத்தான் தேய்மானம். ஆகவே 8,100-இல் பாதி, 4,050. விற்ற நாளில் ஏட்டு மதிப்பு 76,950. விற்றது 70,000. நட்டம் 6,950.

இதே கணக்கில் விற்ற தேதியை டிசம்பர் 31 என்று மாற்றி ஒருமுறை போட்டுப் பாருங்கள். வருகிற விடையை எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.